ஊருக்கே மருத்துவம் பார்ப்பவர்கள்

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறோம். அவர் நாடி பார்க்கிறார். மருந்து எழுதித் தருகிறார். தேவையென்றால் ஊசி போடுகிறார். சரி, காய்ச்சல் வராத நாள்களில் நம்மைப் பார்த்துக்கொள்பவர் யார்? ஆண்டின் பெரும்பாலான நாள்களில் நாம் நலமாகத்தானே இருக்கிறோம்? அந்த நலம் தானாகவே வந்துவிட்டதா?

வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "நான் பெரியவளானதும் மக்களின் உடல்நலத்துக்காக வேலை செய்யப் போகிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். "ஓ, டாக்டர் ஆகப் போகிறாயா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். மதிப்பெண் போதாது என்று தோன்றினால், "சரி, நர்ஸ் ஆகலாம்" என்பார்கள். மூன்றாவதாக ஒரு வேலையின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள்கூடச் சிறிது யோசிப்பார்கள்.

உண்மையில் அந்தப் பட்டியல் நீளமானது. அதை நம் பள்ளிகள் மாணவர்களுக்குக் காட்டுவதில்லை. காட்டாததால் மாணவர்களுக்கும் நட்டம், ஊருக்கும் நட்டம். பத்தாம் வகுப்பு முடிந்து எந்தப் பாடப்பிரிவில் சேருவது என்று முடிவெடுப்பதற்கு முன்பே அந்தப் பட்டியலை மாணவர்களின் கண்முன் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதை விளக்குகிறேன்.

நோயாளியின் பெயர்: ஊர்

மருத்துவமனை மருத்துவரின் முன்னால் அமர்ந்திருப்பவர் ஒரு நோயாளி. பொது சுகாதாரத் துறையினரின் முன்னால் இருப்பது ஓர் ஊர். அந்த ஊர் குடிக்கும் நீர், உண்ணும் உணவு, தேங்கும் சாக்கடை, பிறக்கும் குழந்தை, பறக்கும் கொசு எல்லாமே அவர்களுடைய பொறுப்பு. நோய் வந்தபின் தீர்ப்பதைவிட வராமல் தடுப்பதே அவர்களுடைய முதல் வேலை.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்ககம் 1922ஆம் ஆண்டு ஏற்பட்டது. 1939ஆம் ஆண்டில் பொது சுகாதாரச் சட்டமும் இயற்றப்பட்டது. இந்திய மாகாணங்களில் இப்படி ஒரு சட்டம் இயற்றியது நம் மாகாணமே முதலாவதாகும். கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் அதற்கும் மூத்தது. 1899ஆம் ஆண்டு தோன்றியது. பெரியம்மைத் தடுப்புக்கான அம்மைப்பால் அங்கே தயாரானது. 2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது தமிழகத்தில் அதற்கான பரிசோதனை முதலில் தொடங்கியதும் அங்கேதான்.

நான் வசிக்கும் காட்டுப்பாக்கத்துக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பூந்தமல்லி. அங்கே பொது சுகாதார நிறுவனம் என்றே ஒரு பயிற்சி நிலையம் உண்டு. வடக்கே, அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. இந்த இரண்டின் வாசலையும் எத்தனையோ பள்ளிப் பேருந்துகள் தினமும் கடந்து போகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தப் பேருந்துகளில் இருக்கும் எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

ஒரு குவளை நீர், ஒரு வாளிப் புழு

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்வோம். காட்டுப்பாக்கத்திலும் அதைச் சுற்றியும் வீடுகள் பெருகிவிட்டன. வீட்டுக்கு வீடு நிலத்தடித் தொட்டி, மாடியில் நீர்த்தொட்டி, அடுக்ககங்களுக்கு லாரித் தண்ணீர். இவ்வளவு நீரும் குடிக்கத் தக்கதுதானா என்று யார் பார்ப்பது?

நீரில் குளோரின் கலந்தால் கிருமிகள் அழியும் என்று படித்திருக்கிறீர்கள். கலந்தால் மட்டும் போதாது. அந்த நீர் குழாய் வழியே வீட்டுக்கு வந்து சேரும்போதும் ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் எங்கேனும் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால் அந்தக் குளோரின் செலவாகிவிடும். எனவே கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இல்லையென்றால், வழியில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள். சிறு குப்பியில் நீரைப் பிடித்து, ஒரு சொட்டு வேதிப்பொருளை விட்டு, நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம். இதைச் செய்பவர் சுகாதார ஆய்வாளர். நீரை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பவர் ஆய்வக நுட்புநர். உடைந்த குழாய் எந்தச் சரிவில், எந்த அழுத்தத்தில் அமைய வேண்டும் என்று கணக்கிடுபவர் பொது சுகாதாரப் பொறியாளர். ஒரு குவளை நீருக்குப் பின்னால் மூன்று தொழில்களைப் பார்த்துவிட்டோம். மூவரில் ஒருவர்கூட டாக்டர் இல்லை!

அடுத்து, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, தேங்காய்ச் சிரட்டை என எதுவும் அதற்குப் போதும். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை ஆகும். அதனால்தான் வாரம் ஒரு நாள் பாத்திரங்களைக் காயவைக்கச் சொல்கிறார்கள். அந்தக் கொசு முட்டையை நீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிட்டால் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

இந்த நுட்பத்தைக் கண்டு சொல்பவர் பூச்சியியல் வல்லுநர். சென்னை நகர மலேரியாவைப் பரப்பும் கொசு வேறு. அது கிணற்றையும் மூடாத மாடித் தொட்டியையும் தேடிப் போகும். இது எந்தக் கொசு, எங்கே வளர்கிறது, எந்த மருந்துக்குச் சாகிறது என்று தெரியாமல் புகை அடிப்பது இருட்டில் கல்லெறிவதுதான். புதுச்சேரியில் 1975ஆம் ஆண்டு ஏற்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொது சுகாதாரப் பூச்சியியல் என்றே ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. விலங்கியல் படித்தால் ஆசிரியர் வேலை மட்டும்தான் என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நோட்டுப் புத்தகத்தின் வலிமை

கிராம சுகாதார செவிலியரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒருவர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வார். இரத்த அழுத்தம் பார்ப்பார். குழந்தையை எடை போடுவார். எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி எப்போது என்று கணக்கு வைப்பார். அவர் கையிலுள்ள பதிவேடு சாதாரணப் பொருளாகத் தோன்றும். அதன் மதிப்பை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன்.

ஓர் ஊரில் இந்த வாரம் 40 பேருக்குக் காய்ச்சல். பக்கத்து ஊரில் 15 பேருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊருக்கு முதலில் ஓடுவீர்கள்? முதல் ஊர் என்றுதானே சொல்வீர்கள்? பொறுங்கள். முதல் ஊரின் மக்கள் தொகை 8,000. இரண்டாம் ஊரின் மக்கள் தொகை 1,500. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். முதல் ஊரில் 5, இரண்டாம் ஊரில் 10. ஓட வேண்டியது இரண்டாம் ஊருக்கு! வகுபடும் எண்ணை மருத்துவமனை தரும். வகுக்கும் எண்ணைத் தருவது வீடு வீடாக நடந்தவரின் பதிவேடு. அந்த எண்களைச் சேர்த்து, இது வழக்கமான ஏற்றமா, கொள்ளைநோயின் தொடக்கமா என்று சொல்பவர் புள்ளியியலாளர். கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு உயிர்காக்கும் தொழில் ஒன்று காத்திருக்கிறது என்பதை எத்தனை கணித ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறோம்?

பனிக்கட்டியும் தடுப்பூசியும்

நான் இயற்பியல் ஆசிரியன். ஆகவே என் பாடத்துக்கு வராமல் இருக்க முடியுமா?

பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் தொடங்கி, மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக, மரத்தடியில் நடக்கும் முகாம் வரையில் இந்த வெப்பநிலை அறுபடக் கூடாது. இதைக் குளிர்ச் சங்கிலி என்பர். மின்சாரம் போனால்?

ஆரம்ப சுகாதார நிலையத்திலுள்ள பெட்டியின் சுவருக்குள் நீர் நிரம்பிய குழாய்களோ பைகளோ இருக்கும். மின்சாரம் உள்ளபோது அந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகிவிடும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கவோ 80 கலோரி வேண்டும். மின்சாரம் நின்றபின் வெளியிலிருந்து புகும் வெப்பமெல்லாம் பனிக்கட்டியை உருக்குவதிலேயே செலவாகும். மருந்தின் வெப்பநிலை மணிக்கணக்கில் ஏறாது. உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்ற பாடம் இருக்கிறதே, அதுதான் இங்கே குழந்தைகளைக் காக்கிறது.

வெப்பம் மட்டுமா எதிரி? குளிரும் எதிரிதான். ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, டெட்டனஸ் தடுப்பூசி போன்றவை உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும். அவற்றிலுள்ள அலுமினிய உப்பு திரண்டு கட்டியாகிவிடும். ஆழ்குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பை சுழியத்துக்குப் பல டிகிரி கீழே இருக்கும். அதை நேரே மருந்துப் பெட்டியில் வைத்தால் மருந்து உறையும். எனவே பையை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஒலி கேட்கும் வரை காத்திருப்பார்கள். ஒலி கேட்டால் பனிக்கட்டி உருகத் தொடங்கிவிட்டது. வெப்பநிலை சுழியத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். காதால் வெப்பநிலையை அறியும் எளிய வழி!

மருந்துக் குப்பியின் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வெப்பம் படப்படச் சதுரம் கருத்துக்கொண்டே வரும், திரும்ப வெளுக்காது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. 1996ஆம் ஆண்டு முதல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் இந்த அடையாளம் வந்தது. இந்தியாவில் கடைசியாகப் போலியோ வந்த குழந்தைக்கு அந்நோய் கண்டது 2011 ஜனவரி 13ஆம் நாள். 2014 மார்ச் 27ஆம் நாள் நம் நாடு போலியோ ஒழிந்த பகுதியில் சேர்ந்தது. அந்த வெற்றியில் சொட்டு மருந்து ஊற்றிய கைகளுக்குப் பங்கு உண்டு. பழுதான குளிர்ப்பெட்டியை இரவோடு இரவாகச் சரிசெய்த நுட்புநரின் கைகளுக்கும் பங்கு உண்டு. ஐ.டி.ஐ.யில் குளிர்பதனத் தொழில் படித்தவரும் குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

திருவள்ளூரில் நடந்த பெருஞ்சோதனை

இப்போது, நம் பகுதியில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள்தாம் கேள்விப்பட்டதில்லை.

காசநோய்க்கு எதிராகப் பி.சி.ஜி. என்ற தடுப்பூசி போடுகிறார்கள். அது எந்த அளவுக்குக் காக்கிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இங்கிலாந்தில் நல்ல பலன் தெரிந்தது. வேறு சில இடங்களில் தெரியவில்லை. எனவே நம் நாட்டிலேயே ஆய்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுத்த இடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரம். 1968 முதல் 1971 வரை அங்கே 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குப் பி.சி.ஜி.; சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. குப்பியின் மேல் குறியீடு மட்டுமே இருக்கும். தெரிந்தால் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? பிறகு பதினைந்து ஆண்டுகள் அம்மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

இது எத்தகைய வேலை என்று சற்று எண்ணிப் பாருங்கள். மூன்றரை லட்சம் பேரின் பெயரும் வயதும் பிழையின்றி எழுத வேண்டும். வேலைக்குப் போனவரை மாலையில் வந்து பார்க்க வேண்டும்; மணமாகி வேற்றூர் போன பெண்ணைப் பற்றிக் குறிப்பெழுத வேண்டும். வண்டியில் எக்ஸ்ரே கருவியைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்க வேண்டும். சந்தேகப்பட்டவரின் சளியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். காசநோய்க் கிருமி மெல்ல வளர்வது. வளர்ப்பு ஊடகத்தில் அது தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எல்லா முடிவுகளையும் தொகுத்து, குறியீட்டை அவிழ்த்துக் கணக்கிட வேண்டும். கணக்கெடுப்பாளர், எக்ஸ்ரே நுட்புநர், ஆய்வக நுட்புநர், ஓட்டுநர், புள்ளியியலாளர், மருத்துவர் என்று எத்தனை பேர்! இவர்களில் ஒருவர் சோம்பலில் ஒரு பக்கத்தைத் தாமே எழுதி நிரப்பியிருந்தால் முழு ஆய்வும் பொய்யாகியிருக்கும்.

முடிவு என்ன? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை, சிறுவர்களுக்கும் பலன் குறைவே. எல்லாரும் எதிர்பார்த்த முடிவு அன்று இது. ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பச்சிளங்குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடிய வகைகள் வராமல் பி.சி.ஜி. காக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் இன்றும் அதைப் போடுகிறார்கள். கட்டாயம் போட்டுக்கொள்ளவும் வேண்டும். பெரியவர்களைக் காக்க வேறு வழி தேட வேண்டும் என்று உலகுக்குச் சொன்னது திருவள்ளூர் மண். "இல்லை" என்ற விடையும் அறிவியலில் ஒரு விடைதான். அந்த விடையை நம்பத்தக்கதாக ஆக்கியவர்கள் பெயர் தெரியாத அந்தக் களப்பணியாளர்கள்.

வீடே மருத்துவமனை

இதற்கு முன்பே சென்னையில் நடந்த வேறோர் ஆய்வு "ஆம்" என்ற விடை தந்தது. ஒரு காலத்தில் காசநோயாளிகளைச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு. நம் நாட்டின் நோயாளிகள் அனைவருக்கும் அப்படிப் படுக்கை தர முடியுமா? 1956ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதற்குத் தலைமை ஏற்றார். ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் போன்ற முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மறுபகுதியினருக்கு அவர்களுடைய நெரிசலான வீட்டிலேயும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர். வீட்டிலிருந்த உறவினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959ஆம் ஆண்டு வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது.

வீட்டிலிருப்பவர் மாத்திரையை ஒழுங்காக உண்டாரா என்று பார்த்தவர் யார்? வீடு தேடிப் போன சுகாதாரப் பெண் பணியாளர். மாத்திரைகளை எண்ணுவார், சிறுநீரைச் சோதித்து மருந்து உடலுக்குள் போனதா என்று அறிவார். அவர் போகாவிட்டால் அந்த முடிவே இல்லை.

இன்றைய செய்தியும் ஒன்று உண்டு. காசநோயால் இறப்போரைக் குறைக்க 2022ஆம் ஆண்டு தமிழகத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. அயப்பாக்கத்து நிறுவனத்தாரும் காசநோய்த் துறையினரும் இதில் சேர்ந்து உழைக்கின்றனர். நோய் கண்டவுடன் சுகாதாரப் பணியாளர் சில எளிய சோதனைகளைச் செய்வார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா? ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார்? இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? இவற்றைக் கொண்டே யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எடை பார்க்கும் கருவி, கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி இவ்வளவே கருவிகள். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து ஆக்சிஜனைக் கணிக்கும் அந்த முறையை 1974ஆம் ஆண்டு கண்டவர் டக்குவோ அயோயாகி என்ற ஜப்பானியர். அவரும் மருத்துவர் இல்லை, பொறியாளர்.

ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

இவ்வளவு வேலைகள் இருந்தும் மாணவருக்கு ஏன் தெரியவில்லை? காரணம் எளிது. மருத்துவர் குணப்படுத்தினால் குணமானவர் வந்து நன்றி சொல்வார். பொது சுகாதாரப் பணியாளர் வென்றால் எதுவுமே நடக்காது! வராத காலராவுக்கு யார் நன்றி சொல்வார்கள்? வெற்றி கண்ணுக்குத் தெரியாத தொழிலை யாரேனும் எடுத்துக் காட்டினால்தான் குழந்தைகளுக்குத் தெரியும்.

எடுத்துக் காட்டாததால் என்ன நேர்கிறது? கல்லூரியில் முதலாண்டு மாணவரிடம் ஏன் இந்தப் பாடம் என்று கேட்டால், "மெடிக்கல் கிடைக்கவில்லை சார்" என்று தலைகுனிந்து சொல்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பதினேழு வயதில் ஒரு தேர்வு தந்த எண்ணைக் கொண்டு, தம் வாழ்வே தோற்றுவிட்டதாக அவர்கள் கருதுகிறார்கள். இது எவ்வளவு பெரிய அநியாயம்! மறுபுறம், சுகாதாரத் துறையின் மற்ற வேலைகளுக்குப் பலர் விரும்பி வருவதில்லை. வேறு கதி இல்லாமல் வருகிறார்கள். நீரைச் சோதிப்பவரும் கொசுவைக் கணக்கிடுபவரும் மனமில்லாமல் செய்தால் இழப்பு யாருக்கு? நமக்கே.

"இந்த வேலைகளில் ஊதியம் குறைவு, மதிப்பும் குறைவு, பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில் உள்ளன. இதைக் காட்டிப் பிள்ளைகளை ஏமாற்றலாமா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைகளை மறைத்துப் புகழ்ந்தால் அது விளம்பரம் ஆகிவிடும். எது நிரந்தரப் பணி, எது ஒப்பந்தப் பணி, என்ன ஊதியம் என்பதையும் சேர்த்தே மாணவருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றை நினையுங்கள். ஒரு தொழிலைப் பற்றி ஊருக்குத் தெரியாதவரை அதற்கு உரிய ஊதியத்தைக் கேட்கவும் ஆளிருக்காது. தெரிந்த தலைமுறை வளர்ந்தால் மதிப்பும் வளரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துப்புரவுப் பணியாளர்களின் உழைப்பின்றிப் பொது சுகாதாரம் ஒரு நாளும் நிற்காது. அந்த வேலையைக் குறிப்பிட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உரியதென்று எண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மனிதர் இறங்கத் தேவையில்லாத கருவியை வடிவமைப்பதும் உங்களில் ஒருவருக்காகக் காத்திருக்கும் சுகாதாரப் பணிதான்.

பள்ளிகளுக்கு மூன்று யோசனைகள்

ஒன்று: எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவரை ஆண்டில் ஒரு நாள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம். மருத்துவர் அறையில் நின்றுவிடாமல் மருந்தகம், ஆய்வுக்கூடம், குளிர்ப்பெட்டி, பதிவேடு ஆகியவற்றையும் காட்ட வேண்டும்.

இரண்டு: பள்ளி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக ஒருமுறையேனும் கிராம சுகாதார செவிலியரையோ சுகாதார ஆய்வாளரையோ அழைத்து மேடையில் அமர்த்த வேண்டும். அவர் சொல்லும் அனுபவம் பத்து வழிகாட்டி நூல்களுக்குச் சமம்.

மூன்று: பாடத்தோடு சேர்த்துச் செய்முறை. உங்கள் தெருவில் ஐம்பது வீடுகளில் அனுமதி கேட்டு, நீர் தேங்கிய பாத்திரங்களில் கொசுப்புழு உண்டா என்று பாருங்கள். புழு இருந்த வீடுகளின் எண்ணிக்கையை ஐம்பதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வல்லுநர்கள் பயன்படுத்தும் வீட்டுக் குறியீடு இதுவே. பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவச் செய்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். எண் இறங்கியிருந்தால் உங்கள் தெருவுக்கு நீங்கள் மருத்துவம் பார்த்துவிட்டீர்கள்.

மாணவ நண்பர்களே! டாக்டராக வேண்டும் என்ற ஆசை நல்லதே. ஆசை உள்ளவர்கள் முயலுங்கள். கணக்கு பிடித்தவர் புள்ளியியலையும், பூச்சிகளைப் பார்த்து வியப்பவர் பூச்சியியலையும், வேதியியல் பிடித்தவர் நீர், உணவு ஆய்வையும், இயற்பியல் பிடித்தவர் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மருத்துவ இயற்பியலையும், மனிதரோடு பேசப் பிடித்தவர் நலக் கல்வியையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன படிப்பு, எங்கே சேருவது என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து அடுத்த தெருவிலிருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். கதவு திறந்தே இருக்கிறது.